பீப்பாவும் காற்றும்: நிலைக்குத்தச்சுக் காற்றுச்சுழலியொன்றை அமைத்தலும் திருத்துதலும்

காற்றைக்கொண்டு வேலை வாங்குதல் மனிதகுலத்தின் பழைய முயற்சிகளுள் ஒன்று. ஆயின் அம்முயற்சியின் வரலாறு ஆலைகளின் வரலாறாகவும், அவற்றைக் கண்டுபிடித்தோரெனக் கூறப்படுவோரின் வரலாறாகவும் எழுதப்பட்ட அளவுக்கு, அவற்றை வெட்டியும் வளைத்தும் பொருத்தியும் திருத்தியும் வந்த கைகளின் வரலாறாக எழுதப்படவில்லை. இலக்கிய ஆராய்ச்சியில் ஈடுபட்டிருக்கும் ஒருவர் காற்றுச்சுழலியைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு இக்குறைபாடு ஒரு காரணம். மற்றைய காரணம் நேரடியானது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, வடபகுதிக் கரையோரக் கிராமமொன்றின் வாசிகசாலை மாலையிலேயே இருண்டது. அங்கு படிக்க வந்த மாணவர் சிலரும், இரும்பு ஒட்டும் தொழிலாளர் ஒருவரும், இக்கட்டுரையாசிரியரும் சேர்ந்து எண்ணெய்ப் பீப்பா ஒன்றைப் பிளந்து காற்றுச்சுழலி அமைக்க முற்பட்டோம்.

இக்கட்டுரை அம்முயற்சியைப் பாராட்டும் நோக்குடையதன்று. அத்தகைய சுழலி எவ்வாறு சுழல்கிறது, எவ்வளவு தரவல்லது, எங்கெங்கு பழுதுபடுகிறது, எவ்வாறு திருத்தப்படலாம் என்பவற்றை ஒழுங்குபடக் கூறுவதே இதன் நோக்கம். "வீட்டுக் கூரையில் ஒரு சிறு சுழலி, வீடு முழுவதற்கும் மின்சாரம்" என்னும் விளம்பரக் குரல்கள் ஒருபுறமும், "இதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு" என்னும் ஏளனம் மறுபுறமும் ஒலிக்கும் சூழலில், இரண்டுக்கும் விடை கணக்கிலும் கைவேலையிலும் உள்ளது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

1. தள்ளுதலும் தூக்குதலும்

காற்றுச்சுழலிகளை அச்சின் நிலை கொண்டு கிடையச்சுச் சுழலிகள், நிலைக்குத்தச்சுச் சுழலிகள் என இருவகையாகப் பிரிப்பது வழக்கம். எங்கும் பரவலாகக் காணப்படும் மூவலகுச் சுழலி முதல்வகையைச் சார்ந்தது. இரண்டாம் வகையில் அச்சு தரையிலிருந்து நேரே மேலெழுந்து நிற்கும். இதனால் விளையும் நன்மை வெளிப்படையானது: காற்று எத்திசையிலிருந்து வீசினும் சுழலி அதனை ஏற்கும், காற்றின் திசைக்குத் திருப்பும் வாலோ பொறிமுறையோ வேண்டியதில்லை. மின்பிறப்பாக்கியைத் தரைக்கு அண்மையில் வைக்கவும் இயலும்.

எனினும், அச்சின் நிலையைக் காட்டிலும் அடிப்படையான வேறுபாடு விசையின் தன்மையிலேயே உள்ளது. சில சுழலிகள் காற்றினால் தள்ளப்பட்டுச் சுழல்கின்றன. பாய்மரக் கப்பல் காற்றோடு ஓடுவது போன்றது இது. வேறு சில, பறவையின் சிறகிற்போல அலகின் இரு பக்கங்களிலும் ஏற்படும் அழுத்த வேறுபாட்டினால், அதாவது தூக்குவிசையினால், சுழல்கின்றன. தள்ளப்படும் பொருளுக்கு ஓர் எல்லை உண்டு. அது விரைவாக ஓடத்தொடங்கியதும் காற்றிலிருந்து விலகி ஓடுகிறது. எனவே காற்று அதன்மீது செலுத்தும் விசை குறைகிறது. காற்றின் வேகத்தையே அது எய்திவிட்டால் விசை முற்றாக அற்றுப்போகும். தூக்குவிசையாற் சுழலும் அலகோ காற்றின் வேகத்தைப் போற் பலமடங்கு வேகத்தில் ஓடவல்லது. இரண்டுக்கும் இடையேயான வினைத்திறன் வேறுபாட்டின் வேர் இங்கேயே உள்ளது.

பிரெஞ்சுப் பொறியியலாளர் டாரியூஸ் 1920களில் உரிமம் பெற்ற வளைவலகுச் சுழலி, நிலைக்குத்தச்சும் தூக்குவிசையும் இணைந்தது. கனடாவின் கெபெக் மாகாணத்தில் 1980களில் இவ்வகையில் ஏறத்தாழ 100 மீற்றர் உயரமான ஒரு பேருருவும் எழுப்பப்பட்டது. 1990களின் முற்பகுதியில் அது ஓய்ந்துவிட்டது. இவ்வகைச் சுழலி தானாகத் தொடங்குவதில் இடர்ப்படும். அலகுகளின் வடிவத்தில் நுட்பமான செம்மையையும் வேண்டி நிற்கும். ஆகவே பீப்பாவும் வெட்டுளியும் கொண்டு தொடங்குவோருக்கு உகந்தது சவோனியஸ் சுழலியே.

2. சீஸ்தானிலிருந்து பீப்பா வரை

நிலைக்குத்தச்சுக் காற்றாலையின் மிகப் பழைய தாயகம் இன்றைய ஈரானும் ஆப்கானிஸ்தானும் எல்லை கொள்ளும் சீஸ்தான் பிரதேசம். பத்தாம் நூற்றாண்டு அறபு வரலாற்றாசிரியர் அல் மசூதி அங்கு காற்றினால் ஆலைகள் சுழல்வதைக் குறிப்பிட்டுள்ளார். ஆண்டுதோறும் கோடையில் ஏறத்தாழ 120 நாள் ஒரே திசையிலிருந்து வீசும் கடுங்காற்று அப்பகுதிக்கு உரியது. அவ்வாலைகளின் ஒரு பாதியை மண்சுவர் மறைத்து நிற்கும். மற்றப் பாதியில் உள்ள பாய்களைக் காற்றுத் தள்ளும். திரும்பி வரும் பாய்களைக் காற்று எதிர்க்காதிருக்கவே அச்சுவர். கொறசான் பகுதியில் உள்ள நஷ்திஃபான் என்னும் ஊரில் இவ்வாலைகளின் வரிசையொன்று இன்றும் நிற்கிறது. காற்றின் திசை மாறாத நிலத்திலேயே இத்தகைய சுவர் பொருளுடையதாகும். தொழில்நுட்பம் தான் பிறந்த நிலத்தின் முத்திரையைத் தாங்கி நிற்பதற்கு இது தக்க சான்று.

சுவரின்றி அதே வேலையைச் செய்யும் வழியை 1920களில் வகுத்தவர் பின்லாந்தைச் சேர்ந்த சிகுர்ட் சவோனியஸ். உருளையொன்றை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, அரையுருளைகளைப் பக்கவாட்டில் நகர்த்தினால், மேலிருந்து நோக்கும்போது ஆங்கில எழுத்தாகிய 'எஸ்' போன்ற உருவம் கிடைக்கும். குழிந்த பக்கத்தைக் காற்றுத் தாக்கும்போது எழும் இழுவைக் குணகம் ஏறத்தாழ 2.3, குவிந்த பக்கத்தில் அது ஏறத்தாழ 1.2. இவ்வேறுபாடே சுழலியைச் சுழற்றுகிறது. இரு அரையுருளைகளும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்று சற்று மேவி நிற்குமாறு இடைவெளி விட்டால், ஒன்றினுட் புகுந்த காற்று அவ்விடைவெளியினூடாகச் சென்று மற்றையதன் உட்புறத்தைத் தள்ளும். திரும்பி வரும் பக்கத்தின் எதிர்ப்பு அதனாற் குறையும். சீஸ்தானின் சுவர் செய்த பணியில் ஒரு பகுதியை இங்கு காற்றே செய்கிறது எனலாம்.

1960களில் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பிரேஸ் ஆய்வு நிறுவனம், எண்ணெய்ப் பீப்பாவைக் கொண்டு இச்சுழலியை அமைத்து நீரிறைக்கும் முறையை எளிய கையேடாக வெளியிட்டது. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் மாற்றுத் தொழில்நுட்பம் பேசிய பலரின் கைகளில் இவ்வடிவம் புழங்கியது. எண்ணெய்ப் பொருளாதாரம் கழித்துவிட்ட கொள்கலனே எண்ணெயிலிருந்து விடுபடும் கருவியாகக் கருதப்பட்டதில் உள்ள முரண் சுவையானது. எனினும், முரணின் சுவை மின்சாரத்தைத் தந்துவிடாது. அதற்குக் கணக்கு வேண்டும்.

3. காற்றின் கணக்கு

ஒரு பரப்பினூடாகச் செல்லும் காற்றின் வலு, காற்றின் அடர்த்தியையும் அப்பரப்பையும் காற்றின் வேகத்தின் மும்மடியையும் பெருக்கி இரண்டால் வகுக்க வருவது. காற்றின் அடர்த்தி கனமீற்றருக்கு ஏறத்தாழ 1.2 கிலோகிராம். இங்கு மும்மடி என்பதே முதன்மையானது. வேகம் இருமடங்கானால் வலு எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் எட்டிலொன்றாகும். சுழலியின் அலகை எவ்வளவு மெருகூட்டினாலும் கிடைக்காத நன்மை, அதனைச் சற்று உயரமான, தடையற்ற இடத்தில் நிறுத்துவதனாற் கிடைக்கும்.

அவ்வலு முழுவதையும் எந்தச் சுழலியாலும் பெறமுடியாது. முழுவதையும் பெறின், சுழலிக்குப் பின்னால் காற்று அசைவற்று நின்றுவிடும். பின்வரும் காற்றுக்கு வழியிராது. 27இல் 16 பங்கு, அதாவது 59.3 சதவீதமே கோட்பாட்டு உச்சம். பெற்ஸ் எல்லை என இது வழங்கப்படினும், இங்கிலாந்தில் லான்செஸ்ரர் 1915இலும், ஜெர்மனியில் பெற்ஸும் ரஷ்யாவில் சுகோவ்ஸ்கியும் 1920இலும் தனித்தனியே இதனை எட்டினர். அறிவு தனியொருவரின் தலையில் மட்டும் விளைவதன்று. உற்பத்தித் தேவை முதிர்ந்த காலத்தில் அது பல இடங்களில் ஒருங்கே விளைகிறது.

இனி எமது பீப்பாவுக்கு வருவோம். 200 லீற்றர் கொள்ளும் பீப்பாவின் விட்டம் ஏறத்தாழ 58 சென்ரிமீற்றர். உயரம் ஏறத்தாழ 88 சென்ரிமீற்றர். அரையுருளைகளை 10 சென்ரிமீற்றர் மேவச்செய்து பொருத்தினால் சுழலியின் முழு விட்டம் 1.06 மீற்றர். அது காற்றுக்குக் காட்டும் பரப்பு 0.93 சதுர மீற்றர். செக்கனுக்கு 5 மீற்றர் வேகத்தில் வீசும் காற்றில் அப்பரப்பினூடு செல்லும் வலு ஏறத்தாழ 70 வாற்று. சவோனியஸ் தமது சுழலிக்குக் கூறிய வினைத்திறன் 30 சதவீதத்தைக் கடந்தது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் சாண்டியா ஆய்வுகூடம் காற்றுச்சுரங்கத்தில் நடத்திய சோதனைகளில் மிகச் சிறந்த வடிவங்களே 25 சதவீதத்தை அண்மித்தன. கிராமத்துப் பட்டறையில் உருவாகும் சுழலிக்கு 15 சதவீதம் எனக் கொள்வதே நேர்மையானது. அவ்வாறாயின் அச்சிற் கிடைப்பது ஏறத்தாழ 10 வாற்று. மின்பிறப்பாக்கியிலும் கம்பிகளிலும் ஏற்படும் இழப்பைக் கழித்தால் எஞ்சுவது 6 வாற்று அளவில் இருக்கும். காற்று 8 மீற்றர் வேகத்தை எட்டினால் இது 25 வாற்றை அண்மிக்கும். 4 மீற்றராகத் தணிந்தால் 3 வாற்றாகச் சுருங்கும்.

வீட்டை ஒளிரச்செய்யும் கனவோடு வருவோர் இவ்விடத்தில் ஏமாற்றமடைவர். ஆனால் வாசிகசாலையின் மேசைக்கு மேல் ஒரு நல்ல எல்.ஈ.டி. விளக்கு எரிய 5 வாற்று போதும் என்பதையும் அதே கணக்குத்தான் கூறுகிறது. எமக்கு வேண்டியிருந்தது அதுவே.

4. பிளத்தலும் பொருத்துதலும்

பீப்பாவை வெட்டுமுன் அதனுள் இருந்தது யாது என அறிதல் இன்றியமையாதது. எரிபொருள் இருந்த பீப்பாவில் ஆவி எஞ்சியிருக்கும். அதன்மீது தீச்சுவாலையையோ தீப்பொறி பறக்கும் வெட்டுச்சக்கரத்தையோ வைத்தால் அது குண்டாக வெடிக்கும். சமையலெண்ணெய் இருந்த பீப்பாவாயினும் கழுவி, நீர் நிரப்பி வெறிதாக்கிய பின்னர், உளியாலோ தகடு வெட்டும் கத்தரியாலோ வெட்டுதல் நன்று.

நெடுக்காகப் பிளந்த இரு அரையுருளைகளை மேலும் கீழும் வட்டமான மூடித்தட்டுகளுக்கிடையே பொருத்தவேண்டும். இத்தட்டுகள் வெறும் தாங்கிகளல்ல. அவை இல்லாவிடின் குழிந்த பக்கத்தின் காற்று மேலும் கீழுமாக வழிந்தோடிவிடும். தட்டின் விட்டம் சுழலியின் விட்டத்தைக் காட்டிலும் பத்திலொரு பங்கு கூடியிருத்தல் விரும்பத்தக்கது. எமது அளவுக்கு அது 1.17 மீற்றர். கடல்நீருக்குத் தாங்கும் ஒட்டுப்பலகையில் வெட்டி, விளிம்புகளுக்குப் பூச்சிட்டுக்கொண்டோம். மேவும் அளவு அரையுருளை விட்டத்தின் 10 முதல் 15 சதவீதமாக இருப்பது சிறந்ததெனச் சாண்டியா சோதனைகள் காட்டின. நாம் விட்ட 10 சென்ரிமீற்றர் அதைவிடச் சற்று அதிகம். நடுவே செல்லும் அச்சுக்குழாய் அவ்விடைவெளியில் ஒரு பகுதியை அடைத்துவிடுவதே காரணம். மூன்று அலகுகள் இரண்டைவிட மேலென்பது பலரின் எண்ணம். ஆனால் வலுவைப் பொறுத்தவரை இரண்டே மேல் என்பதே அச்சோதனைகளின் முடிவு.

இரண்டு அலகுச் சுழலிக்கு ஒரு குறையுண்டு. சில கோணங்களில் நின்றுவிட்டால் அதனைத் தொடக்குவதற்கு வேண்டிய முறுக்கம் கிட்டாது. மென்காற்றில் அசையாது நிற்கும். எமது முதற் சுழலி பலமுறை இவ்வாறு நின்று, வழிப்போக்கர் ஒருவர் கையால் தள்ளியபின் ஓடியதுண்டு. திருத்தம் எளிது. பீப்பாவை முதலில் குறுக்காக இரண்டாக வெட்டி, பின்னர் ஒவ்வொன்றையும் நெடுக்காகப் பிளந்து, இரு தட்டாக ஒன்றன்மேல் ஒன்று, தம்முள் 90 பாகை திரும்பியிருக்குமாறு அமைக்கவேண்டும். ஒரு தட்டு சோர்ந்திருக்கும் கோணத்தில் மற்றையது வலுவோடு நிற்கும். பரப்பு அதுவே, வலுவும் ஏறத்தாழ அதுவே. ஆயின் தொடக்கம் உறுதியாகிறது. முறுக்கத்தின் ஏற்றத்தாழ்வும் அதனால் எழும் குலுக்கமும் தணிகின்றன.

குலுக்கம் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும். முதற் சுழலி குறித்த வேகத்தை எட்டியதும் கம்பம் முழுவதும் நடுங்கியது. வரைபடத்தை மீண்டும் மீண்டும் ஆராய்ந்தும் தவறெதுவும் தெரியவில்லை. இரும்பு ஒட்டும் தொழிலாளர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "தம்பி, உங்கட கணக்குச் சரியாயிருக்கலாம். பரல் வட்டமில்லை எண்டதைக் கணக்குக்கு ஆர் சொல்லுறது?" என்றார். அவர் கூற்று முற்றிலும் உண்மை. பலமுறை உருட்டப்பட்டு நெளிந்த பீப்பாவின் ஒரு பாதி மற்றதைவிடப் பாரமானது. ஈர்ப்பு மையம் அச்சில் இல்லை. அவர் சுழலியைக் கழற்றி, அச்சைக் கிடையாக இரு நேரான இரும்புச் சட்டங்களின்மீது வைத்தார். பாரமான பக்கம் தானே கீழே சென்று நின்றது. எதிர்ப்பக்கத்தில் சிறு இரும்புத் துண்டுகளைக் கட்டி, எந்நிலையில் விட்டாலும் அசையாது நிற்கும்வரை சரிசெய்தார். பின்னர் கம்பத்தின் இழுகம்பிகளையும் இறுக்கினார். நடுக்கம் பெரும்பாலும் நின்றது. புத்தகங்கள் இதனை நிலைச் சமன்செய்தல் என்னும். பெயரை நாம் அறிந்திருந்தோம். செயலை அவர் அறிந்திருந்தார்.

5. சுழற்சியிலிருந்து மின்சாரம்

வீட்டுமுயற்சிகளிற் பெரும்பாலானவை தோல்வியுறும் இடம் இது. சவோனியஸ் சுழலியின் விளிம்பு, வேலை செய்யும்போது, காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 0.8 பங்கு வேகத்தில் ஓடும்போதே கூடிய வலுவைத் தரும். 5 மீற்றர் காற்றில் எமது சுழலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 72 சுற்றுச் சுற்றும். முறுக்கம் உண்டு, வேகம் இல்லை. முதலில் நாம் பொருத்தியது பழைய மோட்டார் வாகனத்தின் மின்பிறப்பாக்கி. அது நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றையாவது கடந்தாலன்றிப் பற்றரிக்கு மின்னேற்றாது. அதன் காந்தச் சுருளே பற்றரியிலிருந்து மின்னை உறிஞ்சும். ஒரு வாரம் சோளகம் நன்றாக வீசியும் பற்றரி நிறையவில்லை, குறைந்தது. கப்பியும் பட்டியும் கொண்டு வேகத்தைப் பதினைந்து மடங்கு கூட்ட முயன்றால், 10 வாற்றுச் சுழலியின் வலுவிற் பெரும்பகுதியை அவற்றின் உராய்வே உண்டுவிடும்.

இந்நிலையிற் கைகொடுத்தது எமது மக்களின் பழைய அனுபவமே. 1990களில் பொருளாதாரத் தடையின்கீழ் மின்சாரமற்றிருந்த யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்னோட்டத்தில் வானொலிச் செய்தியைக் கேட்டோர் பலர். அந்த டைனமோ 6 வோல்ற்றில் 3 வாற்றுத் தருவது. வண்டி மணிக்கு 15 கிலோமீற்றர் அளவில் ஓடும்போது, ரயரில் உராயும் சிறு உருளையின் மூலம் அது தன் முழு வலுவைத் தரும். இப்போது எமது மூடித்தட்டை நோக்குக. அதன் விட்டம் 1.17 மீற்றர். நிமிடத்துக்கு 72 சுற்றில் அதன் விளிம்பின் வேகம் செக்கனுக்கு 4.4 மீற்றர்; அதாவது மணிக்கு ஏறத்தாழ 16 கிலோமீற்றர்! மூடித்தட்டின் விளிம்பில் பழைய ரயர்ப் பட்டியைச் சுற்றி, டைனமோவை அதன்மீது சாய்த்துவிட்டால், சுழலி ஒரு பெரிய துவிச்சக்கர வண்டிச் சில்லாகிவிடுகிறது. டைனமோ உள்வாங்குவது 8 முதல் 10 வாற்று; சுழலி அச்சில் தருவதும் அதுவே. இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. அன்றிரவு வாசிகசாலையில் விளக்கு எரிந்தது.

அதன் குறைகளும் விரைவிற் புலனாயின. உருளை ரயரில் தேய்ந்தது, மழையில் வழுக்கியது, மென்காற்றில் டைனமோவின் காந்தப் பற்று சுழலியை நிறுத்தியது, கிடைத்ததில் பாதிக்கு மேல் உராய்விலும் வெப்பத்திலும் கழிந்தது. ஆகவே மூன்றாம் கட்டத்தில் நிலைக்காந்த மின்பிறப்பாக்கியைக் கையாலேயே செய்யத் துணிந்தோம். ஸ்கொட்லாந்தின் ஸ்கோரெய்க் குடாநாட்டில் வாழும் ஹியூ பிகொட் பல்லாண்டுகளாகத் தம் கையேடுகளாலும் பயிற்சிகளாலும் பரப்பிய முறையைப் பின்பற்றியது இது. அவருடைய சுழலிகள் கிடையச்சு வகையின. ஆயின் மின்பிறப்பாக்கியின் தத்துவம் ஒன்றே.

இரு இரும்புத் தட்டுகளில் தலா 12 நியோடிமியக் காந்தங்கள், துருவங்கள் மாறிமாறி வருமாறு ஒட்டப்படும். தட்டுகளுக்கிடையே, பிசினில் வார்க்கப்பட்ட 9 செப்புச் சுருள்கள் அசையாது நிற்கும். மூன்று அவத்தைக்கும் தலா மூன்று. சுருளுக்குள் இரும்பு இல்லாமையால் காந்தப் பற்று இல்லை. மென்காற்றிலும் சுழலி தடையின்றித் தொடங்கும். எத்தனை சுற்று என்பதே வினா. 46க்கு 30 மில்லிமீற்றர் காந்தமும், இடைவெளியில் 0.5 ரெஸ்லா காந்தப்பாய அடர்த்தியும் எனக் கொண்டால், நிமிடத்துக்கு 72 சுற்றில் கம்பியின் ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் உச்ச அழுத்தம் ஏறத்தாழ 0.03 வோல்ற்று. 12 வோல்ற்றுப் பற்றரிக்கு மின்னேற்ற, இருவாயிகளில் இழக்கும் 1.4 வோல்ற்றையும் சேர்த்து, 15 வோல்ற்று வேண்டும். உடுவிணைப்பில் அவத்தைக்கு 8.7 வோல்ற்று. ஆகவே அவத்தைக்கு ஏறத்தாழ 280 சுற்று. சுருளொன்றுக்கு 90 முதல் 100 சுற்று. விரைவாகச் சுழலும் மூவலகுச் சுழலிக்கு இதனினும் மிகக் குறைந்த சுற்றே போதும். மெதுவாகச் சுழலும் இயந்திரம் கூடுதற் செம்பையும் காந்தத்தையும் கேட்கிறது. மெதுமைக்கு விலையுண்டு.

6. ஆபத்தும் இடமும்

சவோனியஸ் மெதுவாகச் சுழல்வதால் ஆபத்தற்றது என்பது பரவலான தவறான கருத்து. மின்சுமை துண்டிக்கப்பட்ட நிலையில் அதன் விளிம்பு காற்றின் வேகத்தைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேலும் ஓடக்கூடும். செக்கனுக்கு 20 மீற்றர் வேகமான புயற்காற்றில் அது நிமிடத்துக்கு 500 சுற்றைக் கடக்கும். 7 கிலோகிராம் நிறையுள்ள அரையுருளை ஒவ்வொன்றையும் வெளிநோக்கி இழுக்கும் விசை 700 கிலோகிராம் பாரத்துக்கு ஒப்பாகும். மூன்று சிறு திருகாணிகளை நம்பி அதன்கீழ் எவரும் அமர்ந்திருக்கலாகாது. மின்பிறப்பாக்கியின் மூன்று கம்பிகளையும் ஒன்றாக இணைத்தால் அது தடுப்பாக இயங்கும்; எனினும் கடுங்காற்றில் அத்தடுப்பு போதாது. புயல் அறிவிப்பு வந்ததும் சுழலியைக் கயிற்றாற் கட்டவும், கம்பத்தைச் சாய்க்கவும் முன்கூட்டியே வழி செய்திருத்தல் வேண்டும்.

இடத்தேர்விலும் நாம் தவறினோம். முதலில் வாசிகசாலைக் கூரையில் நிறுத்தினோம். கூரைக்கு மேலே காற்றுச் சுழித்துக் குழம்புகிறது. அருகிலிருந்த பனைகள் சோளகத்தை மறித்தன. எத்திசைக் காற்றையும் ஏற்கும் சுழலியாதலால் குழம்பிய காற்றிலும் நன்றாக இயங்கும் என்று கூறப்படுவதில் பாதி உண்மையே உண்டு. திசை மாற்றத்தை அது பொறுக்கும். வேகக் குறைவை எச்சுழலியும் பொறுக்காது. சுழலியை வெளியான கடற்கரைப் பக்கத்துக்கு மாற்றி, இழுகம்பிகளோடு உயர்ந்த கம்பத்தில் நிறுத்தியதே நாம் செய்த திருத்தங்களுள் மிகப் பயன்மிக்கது. அது அலகில் செய்த எந்தத் திருத்தத்தையும் விஞ்சியது. உப்புக்காற்று பெயரிங்குகளையும் தகட்டையும் அரிக்கும் என்பதால், ஆண்டுதோறும் கழற்றிக் கொழுப்பிட்டுப் பூச்சிடுவதும் கணக்கில் சேர்க்கப்படவேண்டிய உழைப்பாகும்.

7. மதிப்பீடு

இனி நேர்மையாக ஒப்பிடுவோம். எமது சுழலி காட்டும் பரப்பு 0.93 சதுர மீற்றர். அதற்கு அலகுத் தகடு மட்டும் 1.6 சதுர மீற்றர் வேண்டும். மூடித்தட்டுகள் வேறு. அதே பரப்பை வீசும் மூவலகுச் சுழலியின் அலகுகளோ அப்பரப்பில் பத்திலொரு பங்கையும் மூடா. வலுவோ ஏறத்தாழ இருமடங்கு. உலகெங்கும் கிடையச்சுச் சுழலியே நிலைபெற்றதன் காரணம் எவருடைய சூழ்ச்சியுமன்று. ஓர் அலகு மின்சாரத்துக்குச் செலவாகும் பொருளும் உழைப்பும் அதில் குறைவு என்பதே. மேலும், ஒரு சதுர மீற்றர் சூரியத் தகடு நல்ல வெயிலில் 200 வாற்றுத் தரும்; எமது நாட்டின் ஒரு சராசரிப் பகலில் 700 வாற்றுமணிக்கு மேல் ஈட்டும். 5 மீற்றர் காற்று நாள் முழுவதும் ஓயாது வீசினாலும் எமது பீப்பா ஈட்டுவது 150 வாற்றுமணியைத் தாண்டாது. இன்று அவ்வாசிகசாலைக் கூரையில் ஒரு சூரியத் தகடு உள்ளது. பீப்பாச் சுழலி அதற்குத் துணையாக, மழைமூட்டமான நாள்களிலும் இரவுக் காற்றிலும் அதே பற்றரிக்குச் சிறிது சேர்க்கிறது.

அவ்வாறாயின் இம்முயற்சியின் பயன் யாது? இவ்வினாவை மின்சாரத்தின் அளவை மட்டும் கொண்டு விடுப்பது போதாது. 2020 டிசெம்பரில் மன்னாரில் திறந்துவைக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 பெருஞ்சுழலிகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றன் அலகுகள் வீசும் பரப்பு எமது பீப்பாவின் பரப்பைப் போல் 13,000 மடங்கு. 2025இல் மேலும் காற்றாலைகள் அமைக்கப்படுவதை எதிர்த்து மன்னார் மக்கள் போராடினர். காற்று யாருக்கு உரியது, அதனால் வரும் பயன் யாரைச் சேர்வது, நிலத்துக்கும் நீரோட்டத்துக்கும் நேரும் கேட்டை யார் சுமப்பது என்னும் வினாக்கள் எம்மவர் மத்தியில் இனியும் எழும். அவ்விவாதத்தில், காற்றின் வேகம் மும்மடியாகப் பேசும் என்பதை அறிந்தவர் ஒரு தரப்பிலும், அறியாதவர் மறுதரப்பிலும் இருப்பது சமமான விவாதமாகாது. பீப்பாவைப் பிளந்து, அதன் நடுக்கத்தைத் தணித்து, 6 வாற்றுக்காக மூன்று முறை தோற்ற மாணவர்கள், விளம்பரத்தையும் அதிகாரியின் அறிக்கையையும் இனி வெறுங்கண்ணால் வாசிக்கமாட்டார்கள்.

இன்னுமொன்று. எழுதப்பட்ட கணக்கும் கையில் உள்ள தொழிலறிவும் இரு வேறு வர்க்கத்தாரின் உடைமைகளாகப் பிரிந்து கிடப்பதே எமது கல்வியின் நெடுநாட் குறை. வரைபடம் எம்மிடம் இருந்தது. பீப்பா வட்டமில்லை என்ற உண்மை அத்தொழிலாளரிடம் இருந்தது. இரண்டும் ஒரே கம்பத்தின்கீழ் சந்தித்த பின்னரே சுழலி ஒழுங்காகச் சுழன்றது. அவர் இப்போது மாலை வேளைகளில் அவ்விளக்கின்கீழ் பத்திரிகை வாசிக்க வருகிறார். சுழலியின் ஓசை மாறினால் வாசிப்பை நிறுத்தி முதலில் வெளியே செல்பவரும் அவரே.